காந்த அறையில் ஒரு கத்தி

அத்தியாயம் ஏழு

கிரண்குமாரை அடிப்பதற்கு ஸ்டேஷனில் மூன்று பேரை ஷிப்ட் போட்டிருந்தார்கள். நேற்று மாலை நாலு மணிக்குப் பிடித்து வந்தார்கள். இப்போது மதியம் பன்னிரண்டரை. முதல் ஷிப்ட் கான்ஸ்டபிள் தோள்பட்டை இறங்கிப்போய் எண்ணெய் தேய்த்துவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஷிப்ட் ஆள், லத்தி நடுவில் பிளந்துபோனது எப்படி என்று ஸ்டோருக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் உள்ளே வேலையாக இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஒருமுறை ஆடி நின்றது.

பிரமிளா பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம் சித்தூர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். அவளிடம் டிக்கெட் எடுக்காமல் தப்பியவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி பாகாலா அருகே பஸ்ஸிலேயே பிரசவித்தவள். மற்றது அவள் பெற்றது. இப்போது பிரமிளா துப்பறியும் கோவர்த்தனனுக்கு உதவியாளர்.

கோவர்த்தனன் அவளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாகாலா ஜங்ஷனில் முப்பது வருஷம் பார்சல் கிளார்க்காக இருந்தவர். விலாசம் அழிந்துபோன மூட்டையை முகர்ந்து பார்த்தே ஊர் பெயர் சொல்வார். ஒருமுறை தெருவும் கதவு எண்ணும் சேர்த்துச் சொன்னார். கதவு எண் மட்டும் தப்பு. அன்று அவருக்கு ஜலதோஷம்.

பெஞ்சின் மறுகோடியில் யமுனா, கிரண்குமாரின் அக்கா. சத்தியவேடு பக்கத்துக் கிராமம், மாம்பழக்கூழ் கம்பெனியில் கூலி. இவர்களைச் சித்தூரிலிருந்து வரவழைத்தவள் அவள்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா முணுமுணுக்கிற?" என்றாள் பிரமிளா.

"எண்ணிக்கினு கீறேன்க்கா. இதோட நூத்தித் தொண்ணூத்தி நாலு."

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் முரளிதரன் டீ கிளாஸோடு வெளியே வந்தார். "கோவர்த்தனன்காரு, அநாவசியமா சித்தூர்ல இருந்து வந்துட்டீங்க. சிம்பிள் கேஸ். சந்திரகிரி ரோட்டுல நிரஞ்சனா ஆராய்ச்சி நிலையம். உள்ள தண்ணி டேங்க் சைசுக்கு ஒரு காந்தம். நேத்து காலைல பத்து மணிக்கு புரொபசர் வேங்கடாசலம் அதுங்கிட்ட குனிஞ்சுகினு இருந்தாரு. இந்தக் கிரண்குமார் அங்க காந்தத்தைக் குளிர வைக்க திரவ நைட்ரஜன் ஊத்தறவன். இரும்பு சிலிண்டர் ஒண்ணை உருட்டினு போய் சிவப்புக் கோடு தாண்டி விட்டான். காந்தம் இழுத்தது. சிலிண்டர் பறந்தது. நடுவுல புரொபசர் தலை." அவர் டீயை ஊதினார். "தலைன்னு சொல்ல அங்க ஏதும் மிச்சமில்ல."

"வேணும்னே விட்டான்னு எப்படித் தெரியும்?" என்றார் கோவர்த்தனன், கண்ணைத் திறக்காமல்.

"திங்கட்கிழமை புரொபசர் இவனை எல்லார் எதிர்லயும் திட்டியிருக்காரு. சின்ன சைன்டிஸ்ட் ஜெயபிரகாஷ் ஸ்டேட்மென்ட் குடுத்திருக்காரு. நாலு மணிக்கு கோர்ட்டுல நிறுத்தணும். அதுக்குள்ள இவனும் ஒப்புத்துக்கினு கையெழுத்துப் போட்டுடுவான்."

"போடலேன்னா?" என்றாள் பிரமிளா.

"போடுவான்," என்றார் சி.ஐ.

மூலையில் அந்தச் சிலிண்டர் சீட்டுக் கட்டி நின்றது. முழங்கால் உயரம். ஒரு பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து, முடி ஒட்டியிருந்தது. பிரமிளா அதைச் சுற்றி வந்தாள்.

"இத்த அங்கேந்து யாரு தூக்கினு வந்தது?"

"நேனே அக்கா," என்றார் வாசல் கான்ஸ்டபிள் சீனு. அவரைப் பார்த்தால் லத்திக்கு யூனிபார்ம் மாட்டியதுபோல் இருக்கும். "பாடிக்குப் பக்கத்துல, காந்தத்துக்குக் கீழயே கெடந்தது. தோள்ல வெச்சுக்கினு அப்படியே நடந்து வந்துட்டேன்."

"இந்த உடம்புக்கா?"

"நான் நல்லா துன்னுவேன்க்கா."

கோவர்த்தனன் இரண்டு விநாடி கண்ணைத் திறந்து சீனுவைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். பசிக்கிறது போலிருக்கிறது என்று பிரமிளா நினைத்தாள். அவளுக்கும் பசித்தது.

கிளம்பும்போது யமுனா அவள் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, அவன் ஒரு குண்டூசிகூட அந்த ரூமுக்குள்ள எடுத்துக்கினு போமாட்டான். வூட்ல சோறு துன்ன உக்காரும்போதுகூட சாவிய கழட்டி வெச்சுட்டுதான் உக்காருவான். அப்படிப் பழகிட்டான். அவன் போய் சிலிண்டர..."

உள்ளே இருந்து வந்த சத்தத்தில் அவள் பேச்சு நின்றது. இந்த முறை லத்திச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எலும்பில் விழுந்தது.

"நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு," என்றாள் யமுனா.

*

நிரஞ்சனா ஆராய்ச்சி நிலையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பிரமிளா கார் ஓட்டினால் எட்டுதான் வரும். போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஜெயபிரகாஷ் மட்டும் இருந்தார். புத்தூர்க்காரர், நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, குரல் ஆஸ்பத்திரியில் பேசுகிறவர் குரல்.

"புரொபசர் எனக்கு நைனா மாதிரி சார்," என்றார். "டிசம்பர்ல ஜெர்மனி போனவரு. திங்கட்கிழமைதான் வந்தாரு. செவ்வாய்க்கிழமை இப்படி." கண்ணைத் துடைத்துக்கொண்டு காந்த அறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் ட்ரேயைக் காட்டினார். "இரும்பு எதுவானாலும் இதுல போட்டுருங்க. உயிர் விஷயம்."

அவரே முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டார். பிரமிளா சாவிக்கொத்து, போன், கண்டக்டர் விசில், புடவையில் இருந்த பதினோரு ஊக்கு, கொண்டையில் இருந்த பதினேழு ஊசி எல்லாவற்றையும் போட்டாள். கொண்டை அவிழ்ந்து இடுப்புக்கு வந்தது. கோவர்த்தனன் பெல்ட்டைக் கழற்றினார். அதன்பிறகு பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே புலன் விசாரணை செய்ய வேண்டியதாயிற்று.

அறை நடுவே அந்தக் காந்தம் மூன்று கால்களில் நின்றது. பளபளவென்று, ஆளைவிட உயரம். சுற்றித் தரையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே தரையைக் கழுவியும் ஒரு கறுப்புப் படலம் போகவில்லை. சுவரில் மூன்றடி உயரம்வரை தெறித்திருந்ததை யாரும் துடைக்கவே இல்லை.

"இந்தக் காந்தத்துக்கு இன்னா வேலை?" என்றாள் பிரமிளா.

"ரங்கையா மட்டன் கடையில இருந்து தினம் காலைல ஆறு ஆட்டு இதயம் வரும். பக்கத்து ரூம்ல நறுக்கி, அரைச்சு, சுத்தவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிப்போம். செல்லுக்குள்ள பவர் ஸ்டேஷன் மாதிரி அது. அதுக்கு ரெண்டு சுவர். உள்சுவர் மடிப்பு மடிப்பா இருக்கும். சவ்வுன்னு சொல்லுவோம். கொழுப்பால ஆனது. கொழுப்புல பாஸ்பரஸ் இருக்கு. காந்தத்துக்குள்ள வெச்சு ரேடியோ அலையால தட்டினா அந்தப் பாஸ்பரஸ் பதில் சொல்லும். சுவர் ஒழுங்கா அடுக்கி நிக்குதா, குழாய் குழாயா சுருண்டுடுச்சான்னு படம் பார்த்தே சொல்லிடலாம்."

"சுருண்டா?"

"செல் செத்துரும்."

"ஆடே செத்துப்போச்சே சார்."

கோவர்த்தனன் கேட்டார்: "போலீஸ்காரங்க பாடிய எடுக்க உள்ள வந்தப்போ காந்தத்தை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தவே முடியாது சார். சுவிட்சே கிடையாது. ஊரே கரண்ட் இல்லாம போனாலும் இது ஓடும். உள்ள குளிர வைக்கிற ஹீலியம் இருக்கிற வரைக்கும் நிக்காது. ஆறு வருஷமா ஒரு செகண்ட் நின்னதில்ல."

"நேத்துகூட?"

"நேத்துகூட."

"சரே," என்றார் கோவர்த்தனன், சுவரில் குத்தியிருந்த படங்கள் பக்கம் நகர்ந்தார். பெரிய தாள்களில் கோடு கோடாக மேடும் பள்ளமும். மேட்டுக்கு அடியில், தாளின் நீளத்துக்கும், பொடிப்பொடியாக நடுங்கும் கோடு.

"இந்தப் புல்லு மாதிரி கீதே, இது இன்னா?" என்றார்.

"இரைச்சல் சார். மெஷினோட நடுக்கம். அர்த்தமில்லாதது. ஒருதடவை வந்த மாதிரி இன்னொரு தடவை வராது."

கோவர்த்தனன் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இரண்டு தாள்களைப் பிய்த்தார். ஒன்றில் பிப்ரவரி ஆறு. இன்னொன்றில் பிப்ரவரி இருபத்து நாலு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேடுகள் இடம் மாறியிருந்தன. புல் மாறவில்லை. ஒரு இலைகூட.

"பாகாலால ஒருத்தன் ஆறு மாசம் ஒரே ரசீதுல மூட்டை எடுத்துக்கினு போனான்," என்றார் கோவர்த்தனன். "தேதியை மட்டும் மாத்துவான். மடிப்பை மாத்தலை. பதினெட்டு நாள் கழிச்சும் அதே நடுக்கம் நடுங்குதே ஜெயபிரகாஷ், உங்க மெஷினு."

ஜெயபிரகாஷ் அந்தத் தாள்களை வாங்கி நாலாக மடித்தார். "குடிக்கத் தண்ணி கொண்டாரேன்," என்று சொல்லிப் பக்கத்து அறைக்குப் போனார்.

அந்த அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். வெளிக்கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இழுப்பறை. பிறகு அவர் திரும்பி வந்தார். தண்ணீர் இல்லை. ஆட்டு இதயம் நறுக்கும் கத்தி இருந்தது. முழ நீளம், எஃகு, ரங்கையா கடையில் கொடுத்துச் சாணை பிடித்தது.

பிரமிளாவுக்குப் பயமே வரவில்லை. எட்டிப் போய்க் கோவர்த்தனனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சிவப்புக் கோட்டுக்குள் இழுத்துக் காந்தத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க சார். இங்க வரட்டும். கத்தி பறந்து மேல ஒட்டிக்கும். அப்புறம் வெறுங்கையோட கீறவன நான் பாத்துக்கிறேன்." முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "வா ராஜா வா. உள்ள எடம் கீது."

ஜெயபிரகாஷ் வந்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டினார். கத்தி பறக்கவில்லை. இன்னொரு அடி வைத்தார். கத்தி அவர் கையிலேயே இருந்தது. பிரமிளா காந்தத்தைத் திரும்பிப் பார்த்தாள், சில்லறை வைத்துக்கொண்டே இல்லை என்கிற பயணியைப் பார்ப்பதுபோல. அந்த நேரத்தில் கத்தி அவள் இடது தோளில் இறங்கியது.

முனை எலும்பில் மோதி நின்றது அவளுக்குக் காதில் கேட்டது. ஜெயபிரகாஷ் கத்தியை உருவி மறுபடி ஓங்கினார். இரண்டாவது குத்து கழுத்துக்கு வந்தது. கோவர்த்தனன் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினார். கத்தி கையைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்த்தது. நீட்டியது பேன்ட்டைப் பிடித்திருந்த கை. பேன்ட் கணுக்காலுக்கு இறங்கியது. அவர் கால் தடுக்கி, எழுபத்தெட்டு கிலோவும் சேர்ந்து ஜெயபிரகாஷின் முழங்கால்மேல் விழுந்தார். அதற்குத் திட்டம் ஏதுமில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. ஜெயபிரகாஷ் அலறிக்கொண்டே கீழே போனார், போகும்போதே கத்தியை உருவிச் சுழற்றினார். அது கோவர்த்தனனின் காது மடலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. பிரமிளா பதினாலு வருஷம் திருவிழாக் கூட்டத்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளியவள். அதே முட்டலை ஜெயபிரகாஷின் மூக்கில் வைத்தாள். மூக்கு கன்னத்தின் பக்கமாகக் குடிபெயர்ந்தது. இரண்டு பல் அவள் நெற்றியிலேயே பதிந்து நின்றது. அப்போதும் அவர் கத்தியை விடவில்லை. அவள் வயிற்றை நோக்கி நெம்பினார்.

காந்தத்தின் காலடியில் வாய் அகன்ற பாத்திரம் ஒன்று இருந்தது. நேற்றுக் காலை கிரண்குமார் கொண்டுவந்து வைத்த, தொட்டதை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன், பாதிக்குமேல் மீதி. பிரமிளா மூடியைக் காலால் தள்ளினாள். வெள்ளைப் புகை வழிந்தது. இரண்டு கையாலும் ஜெயபிரகாஷின் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியோடு சேர்த்து உள்ளே அமுக்கினாள்.

"சித்தூர்," என்றாள். அவர் அவள் தோள் காயத்தில் கட்டைவிரலை விட்டுக் கிண்டினார். "பூதலபட்டு. பாகாலா. பனபாக்கம். சந்திரகிரி." அவர் அலறல் நடுவில் உடைந்து வெறும் காற்றாகியது. "திருப்பதி. இறங்கு."

கையை வெளியே எடுத்தாள். விரல்கள் சுண்ணாம்பு நிறத்தில் கத்திப் பிடியோடு ஒட்டியிருந்தன. அவர் உதறினார். கத்தி வந்தது, உள்ளங்கைத் தோலும் அதோடு வந்தது. சுண்டு விரல் தரையில் பட்டு வளையல்போல் உடைந்தது என்று பிரமிளா சொல்கிறாள். அப்படி நடக்காது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். டாக்டர்கள் அங்கே இல்லை.

கோவர்த்தனன் உட்கார்ந்த இடத்திலேயே பேன்ட்டை ஏற்றிக்கொண்டு, துளைபட்ட கையைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டார்.

"இந்தக் காந்தம் செத்துப்போச்சும்மா," என்றார். "இது உயிரோட இருந்தா சீனு சிலிண்டரைத் தோள்ல வெச்சுக்கினு வெளிய வந்திருக்க முடியாது. சிலிண்டரோட சேர்ந்து அவரும் இதுலதான் ஒட்டிக்கினு இருப்பாரு."

"ஸ்டேஷன்லயே தெரியுமா உங்களுக்கு?"

"பாதி தெரியும். சுவிட்சு கெடையாதுன்னு இவரு சொன்னப்போ மீதி. நிறுத்த முடியாத காந்தம் நேத்து மட்டும் சும்மா இருந்ததுன்னா அது செத்ததுதானே?"

"அப்புறம் எதுக்கு சார் என்ன இதும்பக்கத்துல நிக்க வெச்சீங்க?"

"நீதானே என் காலரைப் பிடிச்சு இழுத்தே. வாயத் தொறந்தா பேசாதீங்கன்னே." அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு குண்டூசியை எடுத்தார். "ட்ரேல போடாம ஒளிச்சுக்கினு வந்தேன். இத்த நீட்டிப் பார்க்கலாம்னு நெனச்சேன். நீ பெருசா சோதனை பண்ணிட்டே."

ஜெயபிரகாஷ் கையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். மூக்கு உடைந்த குரல். "சங்கராந்தி லீவுல... ஹீலியம் ஆர்டர் பண்ண மறந்துட்டேன். மொத்தமும் ஆவியா போயிடுச்சு. நான் ஒருத்தன்தான் இருந்தேன். திரும்ப உயிர் குடுக்க மாசக்கணக்கா ஆகும். புரொபசர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு... அதுவரைக்கும் பழைய படத்தையே மாத்தி மாத்தி..."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"யாரு இரும்ப எடுத்துக்கினு உள்ள வருவாங்க? எல்லாரும் வாசல்லயே கழட்டி வெச்சிடறாங்க. போலீஸ்கூட கோட்டுக்கு வெளியவே நின்னுச்சு. அந்தக் கான்ஸ்டபிளுக்கு மட்டும் யாரும் சொல்லலை." ரத்தத்தைத் துப்பினார். "புரொபசர் நேத்து வந்து, பேனாவோட இரும்பு மூடியக் கழட்டி நீட்டினாரு. காந்தம் பேசாம இருந்தது. என்னைப் பார்த்தாரு. 'ரெண்டு மாசமா எதை அளந்தே?'ன்னு கேட்டாரு. சிலிண்டரை வெளிய இருந்து தூக்கினு வந்தேன். மூணாவது அடில விழுந்தாரு. அப்புறமும் நிறுத்த முடியலை."

மணி மூன்று பத்து. பிரமிளா ட்ரேயில் இருந்து போனை எடுத்து சி.ஐ.க்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. நாலு முறை அடித்தாள். கையெழுத்து வாங்கும் நேரத்தில் போன் எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஜெயபிரகாஷைக் கோவர்த்தனனின் பெல்ட்டால் கட்டிக் காரின் பின்சீட்டில் போட்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வழியில் இரண்டு மாடும் ஒரு டிராக்டரும் தாமாகவே வயலில் இறங்கி நின்றன.

*

ஸ்டேஷனில் காலண்டர் ஆடாமல் இருந்தது. யமுனா பெஞ்சில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி?" என்றாள் பிரமிளா.

"முன்னூத்தி ஆறோட நிறுத்திட்டாங்க. கால் மணி ஆவுது. ஒரு சத்தமும் இல்லக்கா."

பிரமிளா தோளில் இருந்து ரத்தம் சொட்ட உள்ளே போனாள். மேஜைமேல் வாக்குமூலம் விரித்திருந்தது. கடைசி வரிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. சி.ஐ. முரளிதரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போட்டுட்டானா?" என்றார் பின்னால் வந்த கோவர்த்தனன்.

"எப்படிப் போடுவான்?" என்றார் சி.ஐ. எரிச்சலோடு. "மூணாவது ஷிப்ட் முட்டாப்பய ரெண்டு கையிலயும் ஒரு விரலை விடாம ஒடச்சு வெச்சிருக்கான். பேனா நிக்க மாட்டேங்குது. சரி, ரேகை உருட்டலாம்னா இங்க் பேட் காஞ்சு கெடக்கு. சீனு வாங்கப் போயிருக்கான்." அப்போதுதான் அவர்களை நிமிர்ந்து பார்த்தார். காது பிய்ந்த துப்பறிபவரையும், நெற்றியில் பல் பதிந்த உதவியாளரையும், அவர்கள் நடுவே பெல்ட்டில் தொங்கிய சைன்டிஸ்டையும் பார்த்தார். டீ கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

ஜெயபிரகாஷ் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். சொல்லும்போது யாரும் அவரைத் தொடவில்லை. பாதியில் சீனு புது இங்க் பேடோடு வந்து நின்றார். சி.ஐ. அதை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு மூன்றாவது ஷிப்ட்காரரைக் கூப்பிட்டு, லாக்கப்பைத் திறக்கச் சொன்னார்.

கிரண்குமாரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. யமுனா தொட இடம் தேடி, கடைசியில் அவன் தலைமுடியை மட்டும் தொட்டாள்.

"முடிஞ்சுதுடா. நீ பண்ணலன்னு ஆயிடுச்சு. அந்தக் காந்தம் சங்கராந்திக்கே செத்துப்போச்சாம். சிலிண்டர் பறக்கவே இல்லையாம்."

கிரண்குமார் பேச வாயைத் திறந்தான். உதடு பிளந்திருந்ததால் வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"அப்போ வாரத்துக்கு ரெண்டு தபா நைட்ரஜன் ஊத்தினேனே. கொட்டற மழைல, ஜுரத்தோட, ஒரு நாள் தவறாம."

சி.ஐ. இழுப்பறைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொணத்துக்கா ஊத்திக்கினு இருந்தேன்?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் வாயோரம் ரத்தம் குமிழியிட்டது. "சிரிக்காதடா, வலிக்கும்," என்றாள் யமுனா. அவனால் நிறுத்த முடியவில்லை.